அலிமா அக்கா சேர்த்து வைத்த தோட்டாக்கள்

என் அக்கா அலிமா பயந்தவள் என்று வடகரையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயது நாற்பத்து மூன்று. பல்லியைப் பார்த்தால் தெரு கேட்கக் கத்துவாள், அதெல்லாம் உண்மைதான். ஆனால் உலகமே அழிந்து, காற்றெல்லாம் விஷமாகி, கண்ணில்லாத பிராணிகள் தெருத்தெருவாக அலைகிற ஓர் ஊரில், முகமூடியும் துப்பாக்கியுமாக இரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். அந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அடிபட்டுக் கீழே விழுந்ததில்லை. நான் விழுந்தது நானூறு தடவைக்கு மேல். சொல்லவே எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் அந்த விளையாட்டை அவளுடைய போனில் ஏற்றிக் கொடுத்தவனே நான்தான்.

என் பெயர் மன்சூர். தென்காசியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வீடு வடகரையில், அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு. விளையாட்டின் பெயர் லாஸ்ட் ஃபில்டர். அதில் ஏதோ ஒரு பெரிய யுத்தம் நடந்து முடிந்துவிட்டது. யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கேமில் சொல்லவில்லை, கேட்டுச் சொல்லவும் ஆளில்லை. மிச்சமிருக்கிற சனம் பூமிக்கடியில் சுரங்கத்தில் கிடக்கிறது. சோறும் மருந்தும் தேடித்தான் மேலே வர வேண்டும். மேலே வந்தால் வானம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருக்கும். இடிந்த கட்டடம், கவிழ்ந்த பஸ், கதவில்லாத வீடு, அந்த வீட்டுக்குள் யாரோ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன தட்டு. எங்கேயோ ஒரு தகரம் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். நம் உருவம் நமக்குத் தெரியாது. துப்பாக்கி பிடித்த இரண்டு கை மட்டும் கண்ணுக்கு முன்னால் ஆடும். முகமூடிக்குள் நம் மூச்சு நமக்கே புஸ் புஸ் என்று கேட்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்ற வேண்டும். மறந்தால் இருமி இருமிச் சாக வேண்டியதுதான். எனக்கு அந்த ஊர் ரொம்பப் பிடிக்கும். கடையில் நாள் முழுக்க உடைந்த டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு உடைந்த உலகம் ஒரு மாறுதல்தானே.

அக்காவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அவள் வீட்டுக்காரர் காஜா மச்சான் பத்தொன்பது வருடமாக ஷார்ஜாவில் ஒரு குடோனில் ஸ்டோர்கீப்பர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது, அந்த நாட்டில் அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். வேறு ஆப்பில் பேசினால் "ஹலோ, கேக்குதா, ஹலோ" என்பதிலேயே பாதி நேரம் ஓடிவிடும். ஒரே மகள் ஹம்னாவைக் கடையநல்லூரில் கட்டிக் கொடுத்த பிறகு அக்கா அந்த வீட்டில் தனி ஆள்.

"ஏலே மன்சூரு, உன் மச்சான் குரலக் கேட்டு நாலு நாளாச்சுலே" என்று ஒருநாள் என் வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கேமில் நான் துபாய்க்காரர்களோடு பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கும்.

"அக்கா, பேசாம கேமுக்குள்ள வந்துரு. மச்சானையும் வரச் சொல்லுதேன். அங்கன வச்சுப் பேசிக்கோங்க."

"அங்கன யாரு இருப்பா?"

"ஒரு பய இருக்க மாட்டான். எல்லாரும் செத்துட்டாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள்.

மச்சானுக்கு ராத்திரி ஷிப்ட். சாயங்காலம் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் நடுவே அவர் தூங்கி எழுந்து சும்மா இருப்பார், இங்கே அக்காவும் சும்மா இருப்பாள். நேரம் தோதாக அமைந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல்தான். அந்தப் பிராணிகளுக்குக் கண் இல்லை, காது உண்டு. போன் மைக்கில் நாம் சத்தமாகப் பேசினால் அதுகளுக்குக் கேட்டுவிடும், கூட்டமாக ஓடி வரும். அதனால் கிசுகிசு என்றுதான் பேச வேண்டும். அதுகளுக்கு கேமில் ஏதோ வாயில் நுழையாத பெயர். தலையில் முடி இல்லாததால் அக்கா "மொட்டையன்" என்று வைத்துவிட்டாள். ஷார்ஜா வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

முதல் நாள் அவள் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஓர் இடிந்த வீட்டு வாசலில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும், வீட்ல யாரு?" என்று கணீரென்று கேட்டாள். வீட்டிலிருந்து மூன்று மொட்டையன் வந்தது. என்னையும் மச்சானையும் கடித்துத் துப்பியது. அக்கா மட்டும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று தப்பித்துவிட்டாள்.

"கூப்புட்டா இப்படியா வருவானுவ? மரியாதை தெரியாத பயலுவ" என்று அதுகளைத்தான் திட்டினாள்.

ஒரு மாதத்தில் அவள் அந்த ஊரையே தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். வரைபடத்தில் இருக்கிற இங்கிலீஷ் பெயரெல்லாம் அவளுக்குச் சரிப்படவில்லை. உயரமாக நின்ற கோபுரம் தென்காசிக் கோபுரம் ஆனது. வறண்டு கிடந்த அணைக்கட்டு குற்றாலம் மெயின் அருவி. விஷப்புகை தேங்கி நிற்கும் பள்ளத்துக்கு ஐந்தருவி பார்க்கிங் என்று பெயர் வைத்தாள். சீசனில் அங்கே வண்டியை விட்டுவிட்டுப் புகைக்குள் தேடியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "மச்சான், மெயின் அருவிக்குப் பின்னால ஒரு வீட்ல மருந்து கெடக்கு, குனிஞ்சே வாங்க" என்பாள். மச்சானும் குனிந்தே போவார். பத்தொன்பது வருடத்தில் நிஜக் குற்றாலம் அவருக்குப் பாதி மறந்துபோயிருந்தது. அழிந்துபோன குற்றாலத்தில் சந்து பொந்தெல்லாம் அத்துபடி.

விளையாட்டு என்றால் சுட வேண்டும். நான் சுடுவேன், மச்சான் அதைவிடச் சுடுவார். அக்கா சுட மாட்டாள். "குண்டு எதுக்குலே வீணா? இருக்கட்டும், ஒரு ஆத்திர அவசரத்துக்கு உதவும்" என்று பைக்குள் போட்டுக்கொள்வாள். மொட்டையன் வந்தால் அதற்கென்று ஓர் இரும்புக் கம்பி வைத்திருந்தாள், பின்பக்கமாகப் போய்ப் பிடரியில் ஒரே போடு. டப்பாச் சாப்பாடு, கட்டுத்துணி, ஃபில்டர் எல்லாம் சேர்த்துச் சேர்த்து சுரங்கத்தில் அவளுடைய பெட்டி கல்யாண வீட்டுச் சாமான் அறை மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அவளிடம் இருநூற்றுப் பதினான்கு தோட்டா இருந்தது. என்னிடம் எப்போதும் மூன்று. "ஒரு பத்து குடுக்கா" என்று கெஞ்சினால், "போன வாரம் குடுத்தது என்னாச்சு?" என்பாள். கூடப் பிறந்தவளாக இல்லாவிட்டால் நானே சுட்டிருப்பேன்.

குழுவுக்கு நாலு பேர் வேண்டும். நாலாவது ஆளை கேமே எங்கிருந்தாவது பிடித்துப் போடும். வருகிறவர்கள், உலகம் அழிந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை புருஷனிடம் ஹம்னா மாமியாரைப் பற்றிக் கிசுகிசுப்பதைக் கேட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். ஒருத்தன் மட்டும் ஓடவில்லை. திருவேங்கடத்தில் மாவு மில் வைத்திருக்கிற பேச்சிராஜ். அவன் மைக்கைத் திறந்தால் பின்னால் மில் ஓடும், எல்லா மொட்டையனும் நேராக அவனிடம்தான் போகும். அதனாலேயே அவனை நாங்கள் சேர்த்துக்கொண்டோம். அவன் எங்களைச் சேர்த்துக்கொண்ட காரணம் வேறு.

"அக்கா, நேத்து பாதில விட்டீங்களே, அந்த மாமியா கடைசில வளையலத் திருப்பிக் குடுத்தாளா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்து, சத்தமாகச் சிரித்துச் செத்தேன்.

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டால் அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். சுற்றிலும் பத்து மொட்டையன் நின்றாலும் சரி, நாங்கள் மூன்று பேரும் "அக்கா! அக்கா!" என்று அலறினாலும் சரி. எழுந்தால் எழுந்ததுதான், அவள் உருவத்தைச் சுற்றி நின்று கடி வாங்குவது நாங்கள். நாங்களும் அதற்கு ஏற்ற மாதிரி நேரம் பார்த்துச் சண்டை போடப் பழகிக்கொண்டோம்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். இந்த வருடம் ஜனவரியில் மச்சானின் வேலை ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருடம். இதற்கு முன் மூன்று தடவை, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுவிட்டு, போட்ட பிறகு சொன்னவர் அவர். இந்தத் தடவை அக்கா முன்கூட்டியே பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை கையெழுத்து. திங்கட்கிழமையே கேட்டுவிட்டாள்.

"மச்சான், போதும். வந்துருங்க."

டமார்.

மச்சான் ஒரு தகரக் கொட்டகையைப் பார்த்துச் சுட்டார். ஏழெட்டு மொட்டையன் ஓடி வந்தது. பேச்சு நின்றது, எல்லோரும் ஓடினோம். செவ்வாய்க்கிழமை அக்கா, "நேத்து கேட்டேன்லா, என்ன முடிவு?" என்றாள். டமார். மறுபடியும் ஓட்டம். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இரண்டு வருடமாக "எப்ப வருவீங்க" என்று அக்கா வாயெடுக்கும்போதெல்லாம் இந்த மனுஷன் எதையாவது பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நானும் அவருக்குக் குறி சரியில்லை என்று நினைத்து, கடையில் வேலையை விட்டுவிட்டு வீடியோ எடுத்துப் பாடமெல்லாம் அனுப்பியிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

புதன்கிழமை ஐந்தருவி பார்க்கிங்கில் இருந்தோம். விஷப்புகை கால் வரைக்கும் தேங்கியிருந்தது. நான் அக்கா வீட்டு முன்அறையில், அவளுக்கு எதிரே என் போனோடு உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், நாளைக்கு வியாழக்கிழம" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

டமார்.

இந்தத் தடவை அவர் கணக்குத் தப்பிவிட்டது. கவிழ்ந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே நான்கு மொட்டையன் படுத்திருந்தது. நானும் பேச்சிராஜும் இரண்டை அடித்தோம், அக்கா கம்பியால் இரண்டை முடித்தாள். அதற்குள் மச்சான் குப்புற விழுந்துவிட்டார். அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் வந்தது. நூற்றைம்பது விநாடி. அதற்குள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பத்து விநாடி பொத்தானை அமுக்கிப் பிடித்தால் எழுந்துகொள்வார். இல்லையென்றால் சாவு, சேர்த்த சாமானெல்லாம் போச்சு.

அக்கா பக்கத்தில் போய் நின்றாள். உட்காரவில்லை.

"அலிமா, தூக்கிவிடு."

"சொல்லுங்க. வாரீங்களா, வரலையா?"

"மொதல்ல தூக்கிவிடுட்டி, பொறவு பேசலாம்."

"பொறவு பேசுனா நீங்க சுட்டுருவீங்க. இப்பத்தான் உங்க கையில துப்பாக்கி இல்ல."

நான் நெருங்கினேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "எவனாவது கிட்ட வந்தீங்க, இந்தக் கம்பியாலேயே மண்டையப் பொளந்துருவேன்" என்றாள். கேமில் கூட்டாளியையும் அடிக்கலாம். நான் இரண்டடி பின்னால் போனேன். பேச்சிராஜ் அதற்கு முன்னாலேயே நாலடி போயிருந்தான்.

"அண்ணாச்சி, சொல்லிருங்க அண்ணாச்சி. நூத்திருவது செகண்டுதான் இருக்கு" என்றான் அவன். அன்றைக்கு மில்லை நிறுத்திவிட்டு வந்திருக்கிறான், மாவு திரிக்க வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

"மஃரிபுக்கும் நேரமாச்சு. பாங்கு சொல்லிட்டா நான் எந்திரிச்சுருவேன், தெரியும்ல?" என்றாள் அக்கா.

 முகமூடிக்குள் மச்சானின் மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று கேட்டது. பிறகு பேசினார், குரல் ஒரு மாதிரி இருந்தது.

"வந்து நான் என்னட்டி செய்ய? அந்த வீட்ல எனக்கு எது எங்கன இருக்குன்னே தெரியாது. நாப்பது நாள் விருந்தாளி மாதிரி வச்சிருக்கீங்க. கறிசோறு போடுதீங்க, பெரிய நாற்காலியில உக்கார வைக்கீங்க. நாப்பத்தோராவது நாளு நான் யாரு? உன்கிட்ட என்ன பேச? எனக்குப் பயமா இருக்குட்டி."

முன்அறையில் அக்கா போனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருடத்தில் அவர் அவளிடம் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள். வட்டம் தொண்ணூறுக்கு வந்துவிட்டது.

அப்புறம் கத்தினாள் பாருங்கள்!

"எது எங்கன இருக்குன்னு தெரியாதா? இந்தப் பாழாப்போன ஊர்ல மட்டும் தெரிஞ்சுதா உங்களுக்கு? கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு அலைஞ்சது யாரு? ரெண்டு வருசமா இங்கன பேசுனத வீட்ல வந்து பேசுனா வாய் நோவுமா?"

"அக்கா! சத்தம் போடாத! வந்துரும்!" என்றேன்.

"வரட்டும்லே! எல்லா மொட்டையனும் வரட்டும்!"

வந்தது. கோபுரத்துப் பக்கமிருந்து, அருவிப் பக்கமிருந்து, அந்த வரைபடத்தில் உயிரோடு இருந்த அத்தனையும் வந்தது. நான் என் மூன்று தோட்டாவையும் சுட்டுவிட்டு நின்றேன். அப்போது அக்கா கம்பியைக் கீழே போட்டாள். இரண்டு வருடமாகத் தோளில் சும்மா தொங்கிய துப்பாக்கியை எடுத்தாள். "மச்சான், அப்படியே கெடங்க, எந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சுட ஆரம்பித்தாள். எந்திரிக்க முடியாத மனுஷனிடம் எந்திரிக்காதீங்க என்று சொல்கிறோம் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. குருவி விரட்டுகிற மாதிரி ஒரு பக்கம் விடாமல் சுட்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஏனென்றால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் அவள் வாயாலும் ஏதாவது ஒன்று சொன்னாள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. இருநூற்றுப் பதினான்கும் தீர்ந்தபோது ஒரு மொட்டையன்கூட நிற்கவில்லை.

வட்டத்தில் பதினாறு. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"ம்?"

"வாரேன்ட்டி. கையெழுத்துப் போடல. வாரேன்."

அமுக்கினாள். பத்து விநாடி நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. மச்சான் எழுந்து நின்றார், வடகரைப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள் ஐந்தருவி பார்க்கிங்கில் பிணங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம்.

"அண்ணாச்சி, பெட்டியக் கட்டுங்க" என்றான் பேச்சிராஜ். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

ஏப்ரலில் மச்சான் வந்து சேர்ந்தார். கதை இதோடு முடிந்தது என்று நானும்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த மனுஷன் பேசவில்லை. பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா காபி கொண்டுவந்து வைப்பாள், "இந்தாங்க" என்பாள். "ம்" என்பார். அவளும் சமையலறைக்குள் போய்விடுவாள். புது மாப்பிள்ளையும் புதுப்பெண்ணும் இவர்களிடம் தோற்றுப்போவார்கள். அபூர்வமாக ஒரு வார்த்தை பேசினாலும் கிசுகிசு என்றுதான் வரும். இரண்டு வருடப் பழக்கம், போகுமா? டீக்கடைக்குப் போய், "தம்பி, ஒரு டீ" என்று ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் பயந்துபோய் கேஸை அணைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாராம்.

வெளியே போனால் சரியாகும் என்று இரண்டு பேரையும் என் வண்டியில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். சீசன் இல்லாத ஏப்ரல் வெயில். அருவி, குழாயைச் சரியாக மூடாத மாதிரி ஒழுகியது. கடையெல்லாம் ஷட்டர் போட்டுக் கிடந்தது, எங்கேயோ ஒரு தகரம் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்டதும் மச்சானுக்கு என்ன ஆனதோ, சட்டென்று குனிந்து சுவர் ஓரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். நாகர்கோவில் சிப்ஸ் கடை மூலையில் நின்று, மெதுவாகத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு குரங்கு அதே மாதிரி எட்டிப் பார்த்தது. "அலிமா, பின்னால போ!" என்று கிசுகிசுத்துக்கொண்டு மச்சான் தரையில் விழுந்தார். குரங்கு அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா சிரிக்கவில்லை. 

அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து படபடவென்று பொரிந்தாள்.

"அத்தன குண்டையும் செலவழிச்சு இவரக் கூப்புட்டது நாற்காலிக்குக் காவல் இருக்கவாலே? ஷார்ஜாவுல இருந்தப்பவாவது என் புருசன் என்கிட்ட பேசுனாரு!"

அழுதுவிட்டாள்.  எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், அதையே மறுபடியும் சொன்னேன்.

மறுநாள் அஸருக்குப் பிறகு மச்சான் முன்அறையில், அக்கா சமையலறையில், நான் நடுக்கூடத்தில். ஆளுக்கொரு போன். திருவேங்கடத்தில் பேச்சிராஜ். சாம்பல் வானம், கவிழ்ந்த பஸ், புஸ் புஸ் மூச்சு. சுரங்கத்திலிருந்து மேலே வந்த மூன்றாவது நிமிடம் மச்சான் வாய் திறந்தார்.

"அலிமா, இன்னைக்கு மீன்குழம்புல புளி கொஞ்சம் கூடுதலோ?"

"கூடுதல்தான். மூணு நாளா கூடுதல். வாயத் தெறந்து சொன்னாத்தானே தெரியும்?"

"நல்லாவும் இருந்துச்சு."

நான் அப்பாடா என்று கால் நீட்டினேன். இருபதடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் போனுக்குள் கிசுகிசுத்தார்கள். ஹம்னா விஷயம், தண்ணித்தொட்டி ஒழுகுவது, ஷார்ஜாவில் கூட இருந்தவர்கள், பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வலிப்பது. "அதத் தூக்கி மாடில போட்டுருவமா?" என்றாள் அக்கா. "போட்டுரு, புண்ணியமாப் போவும்" என்றார். பேச்சிராஜ் மில்லை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அது நடந்தது. ஓர் எலி வந்தது. கேமில் எலி என்றால் ஒன்றுமில்லை, செருப்பால் மிதித்தால் போதும். அந்த எலி அக்காவை ஒரு கடி கடித்தது. இன்னொரு கடி. இன்னொன்று. திரையில் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் வந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அலிமா கீழே விழுந்தாள்.

"ஏட்டி அலிமா!"

கிசுகிசு இல்லை, தெருவே அதிர்ந்தது. முன்அறையில் போன் விழுகிற சத்தம், நாற்காலி உருள்கிற சத்தம். பொத்தானை அமுக்க வேண்டிய மனுஷன் அதை விட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தார். என் நீட்டிய காலில் இடறி, சுவரைப் பிடித்து, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தார். வந்ததிலிருந்து அவர் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். அக்காவின் போன் கிரைண்டர் மேல் சாய்த்து வைத்திருந்தது. அவள் இரண்டு கையிலும் முருங்கைக்கீரை.

"என்னட்டி ஆச்சு? எங்கன அடி?" என்று கேட்டார் மச்சான். அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணாடி இல்லாத கண்ணில் தண்ணீர் நின்றது.

 அக்கா காதெல்லாம் சிவந்து, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "அங்கன செத்துப் போயிட்டேன். இங்கன இருக்கேன்லா" என்றாள். "வந்தது வந்தீங்க, சும்மா நிக்காம உக்காந்து இந்தக் கீரைய ஆய்ங்க."

மச்சான் தரையில் உட்கார்ந்தார். ஒரு கொத்தைக் கையில் எடுத்து, "எப்படி ஆயணும்?" என்று நல்ல சத்தமாகக் கேட்டார்.

"அடியில புடிச்சு உருவணும். அப்படியில்ல, இங்கன பாருங்க."

அவர் போட்ட சத்தத்துக்கு கேமில் எல்லா மொட்டையனும் வந்துவிட்டது. என்னை முதலில் கடித்தது. "அண்ணாச்சி! அக்கா! யாராவது தூக்கிவிடுங்களேன்!" என்று கிரைண்டர் மேலிருந்து பேச்சிராஜ் கடைசி வரைக்கும் கத்திக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிவிட அன்றைக்கு ஒருத்தரும் போகவில்லை.